நிர்மலாவின் நம்பரிலிருந்து

ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணி ஆகிவிட்டால் தீர்த்தகிரிக்குத் தன் சொந்த வீட்டில் இடம் கிடையாது. பன்னிரண்டு வருடமாக அதுதான் சட்டம். போட்டவள் அவருடைய மனைவி நிர்மலா. நாலரைக்கே ஹாலில் பாயை விரித்து, பீரோவின் கீழ்த்தட்டிலிருந்து பிளாஸ்டிக் ஒயர் கட்டுகளை இழுத்துப் போட்டுவிட்டு, "ஏங்க, கெளம்புங்க. அவங்கெல்லாம் வர்ற நேரம்" என்பாள். அவரும் மறுபேச்சில்லாமல் சட்டையை மாட்டிக்கொண்டு மொரப்பூர் ஸ்டேஷன் வரை நடந்து போய், பிளாட்பாரத்தின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார். ஏழரைக்கு முன்னால் திரும்பக்கூடாது. ஒருமுறை மழைக்குப் பயந்து ஆறரைக்கே வந்தபோது, உள்ளே இருந்த பெண்கள் பேச்சை வெடுக்கென்று நிறுத்திக்கொண்டு, கையிலிருந்த கூடையில் ஏதோ பரீட்சை எழுதுவதுபோல் குனிந்துகொண்டார்கள். நிர்மலா ஒரு வாரம் அதைச் சொல்லிக்காட்டினாள்.

வந்தவர்கள் மூன்று பேர். காசியம்மாள், அறுபத்தைந்து வயது, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வீடு, வாயைத் திறந்தால் பாதி ஊரின் மானம் போகும். சகாயமேரி, அங்கன்வாடி டீச்சர், எதையும் மெதுவாகச் சொல்கிறவள். ஐஸ்வர்யா, மாரண்டஹள்ளியிலிருந்து இங்கே வாக்கப்பட்டு வந்து மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்க்கும் சின்னப் பெண். அவள் நிர்மலாவை அக்கா என்றாள்; தீர்த்தகிரியை அங்கிள் என்றாள். "என்னைய அக்காங்கறா, உங்கள அங்கிள்ங்கறா. அப்ப நீங்க எனக்கு என்ன வேணும்னு பாத்துக்கங்க" என்று நிர்மலாவுக்கு அதில் ஒரு வருடச் சிரிப்பு.

நாலு பேரும் சேர்ந்து ஒயர் கூடை பின்னுவார்கள். முப்பது வருடம் மின்வாரியத்தில் கம்பம் ஏறிய லைன்மேன் வீட்டில் ஒயருக்கா பஞ்சம் என்று தெருவில் ஒரு கேலி உண்டு. அந்த ஒயர் வேறு, இந்த ஒயர் வேறு என்று விளக்கிச் சொல்லித் தீர்த்தகிரி அலுத்துப்போனார். பின்னலுக்கு நடுவில் நிர்மலா செய்த பழக் கஸ்டர்டை எல்லோரும் சாப்பிடுவார்கள். என்ன பேசுவார்கள் என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. அவருக்குக் கிடைத்ததெல்லாம் ஏழரை மணிக்குத் தெருமுனை திரும்பும்போது தன் வீட்டிலிருந்து வரும் சத்தம்தான். நாலு பேர் ஒரே நேரத்தில் பேசி, அதில் ஒருத்திக்குப் புரையேறி, மற்றவர்கள் தலையில் தட்டி, மறுபடி சிரிக்கும் சத்தம். அவர் கேட்டைத் திறந்ததும் அவர்கள் எழுந்துகொள்வார்கள். ஒவ்வொருத்தியும் அடுப்படிப் பக்கம் பார்த்து, "வர்றேன்" என்பாள். "ம், பாத்துப் போங்க" என்று உள்ளேயிருந்து பதில் வரும். பிறகு அவருக்கென்று எடுத்துவைத்த கஸ்டர்ட், கிண்ணத்தில், மேலே ஒரு தட்டு மூடி, சாப்பாட்டு மேஜைக்கு வரும்.

நிர்மலா பின்னிய கூடை எதுவும் நேராக நிற்காது. கடையில் வாங்கியதுபோல் விறைப்பாக இருக்கவேண்டியது, காய்கறியைப் போட்டதும் அங்கங்கே பிதுங்கி ஒரு பக்கம் சாயும். "இது குடிகாரக் கூடை" என்பார் தீர்த்தகிரி. "குடிக்காத மனுசன் தூக்கிட்டுப் போனா நேரா நிக்கும், போங்க" என்பாள். அவருக்குக் குடிப் பழக்கமே கிடையாது. அது ஒரு பேச்சுக்கு.

தை மாதம் ஒரு திங்கட்கிழமை காலை, தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவள் குடத்தோடு சாய்ந்தாள். தர்மபுரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஐம்பத்து நாலு வயது.

இப்போது ஆனி மாதம். ஐந்து மாதம் ஓடிவிட்டது. பெங்களூரில் இருக்கும் மகள் கனிமொழி, "இங்க வந்துருங்கப்பா" என்று வாரம் ஒருமுறை கூப்பிடுகிறாள். அவர் போகவில்லை. அழவேண்டியதை அழுதாகிவிட்டது, ரசம் வைக்கக் கற்றுக்கொண்டாகிவிட்டது, ராத்திரி தனியாகப் படுக்கக்கூடப் பழகிவிட்டது. பழகாதது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கு அவர் இன்னமும் சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போகிறார். யாரும் போகச் சொல்லவில்லை. ஏழரைக்குத் திரும்பி வருகிறார். தெருமுனையில் நின்று காதைக் கொடுத்தால் வீடு பேசாமல் இருக்கிறது. ஃப்ரிட்ஜ் மோட்டார் ஓடுவது வாசல்வரை கேட்கிறது. வாரத்தில் மற்ற ஆறு நாளையும் தாண்டிவிடுகிற மனுஷன் அந்த இடத்தில் திணறிப்போகிறார்.

சுற்றி வளைப்பானேன். அந்தப் பெண்கள் திரும்ப வரவேண்டும், அவ்வளவுதான் அவருக்கு வேண்டியது. ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது தெருமுனையில் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்கவேண்டும்.

கருமாதிக்கு வந்ததோடு சரி, அவர்கள் வரவில்லை. துக்கத்தில் கூடை பின்னுவதையே விட்டுவிட்டார்கள் என்று அவர் நினைத்தார். அப்படி நினைக்கக் காரணம் இருந்தது. நிர்மலாவின் செல்போனை அவர் தினமும் சார்ஜில் போடுகிறார், மாதாமாதம் ரீசார்ஜும் செய்கிறார். அதில் 'கூடை கும்பல்' என்று ஒரு வாட்ஸ்அப் குரூப். நாலே பேர். அவள் போன நாளிலிருந்து அதில் ஒரு எழுத்துகூட விழவில்லை. கடைசியாக இருப்பது நிர்மலா போட்ட படம். நீலமும் வெள்ளையுமாகப் பாதி பின்னிய கூடை. அந்தக் கூடை பீரோவுக்குள் ஒயர்களோடு கிடக்கிறது.

தெருவில் பார்க்கும்போது கூப்பிட்டிருக்கலாமே என்றால், எப்படிக் கூப்பிடுவது? பொம்பளை இல்லாத வீட்டுக்கு மூன்று பொம்பளைகளை எந்த முறையில் வாருங்கள் என்பது? காசியம்மாளை ஒருநாள் சந்தையில் பார்த்தும், "நல்லா இருக்கீங்களா" என்று கேட்டுவிட்டு வெண்டைக்காயை ஒடித்துப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். நிர்மலா இருந்தால் அவளே கூப்பிட்டிருப்பாள். இந்த யோசனையில் இருந்துதான் அந்தக் காரியம் வந்தது.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு நிர்மலாவின் போனை எடுத்து, ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தார். 'ஞாயிற்றுக்கிழமை 5 மணிக்கு எல்லாரும் நம்ம வூட்டுக்கு வாங்க. கஸ்டர்ட் இருக்கு.' படித்துப் பார்த்தார். தப்பில்லை. அனுப்பிவிட்டார். லைன் இருக்கிறது, கரண்ட் வருகிறது, சுவிட்சைப் போட்டோம் என்பதுபோல் நிம்மதியாக டீ போடப் போனார். செத்துப்போன பொம்பளை போட்டோவோடு மூன்று வீட்டில் மெசேஜ் போய் இறங்கியிருக்கிறது என்பது அவர் மண்டையில் உறைக்கவே இல்லை.

கால் மணி நேரத்தில் அந்த போன் அடித்தது. திரையில் காசியம்மாக்கா என்று வந்தது. எடுத்து, "அலோ" என்றார். அந்தப் பக்கம் மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"ஆரு?" என்றாள் காசியம்மாள் கடைசியில்.

"நாந்தாங்க்கா. தீர்த்தகிரி."

"ஏம்பா, உனக்குக் கொஞ்சமாச்சும் ஏதாச்சும் இருக்குதா? ரேசன் கட வரிசைல நிக்கறேன். போன எடுத்துப் பாத்தா நிர்மலா சிரிச்சுக்கிட்டு வூட்டுக்கு வான்னு கூப்புடறா. சக்கரப் பைய கீழ போட்டுட்டேன். அந்த ஐஸ்வர்யா புள்ள கடையிலயே உக்காந்து அழுவுதாம், டீச்சரு போன் பண்ணிச் சொல்றா."

தீர்த்தகிரிக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. காதெல்லாம் சூடாகிவிட்டது.

"என் நம்பரு அந்தக் குரூப்புல இல்லீங்களே" என்றார்.

"அதுக்கு?"

"அதான்க்கா."

காசியம்மாளுக்குப் பின்னால் யாரோ நகருங்க நகருங்க என்பது கேட்டது. "கஸ்டர்டு ஆரு செய்யறது?" என்றாள்.

"நாந்தான்."

"செரி, கேட்டுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டாள். சாயங்காலம் அவருடைய நம்பருக்கே கூப்பிட்டு, வருகிறோம் என்று மட்டும் சொன்னாள்.

கஸ்டர்ட் செய்கிறேன் என்று சொல்லிவிட்டாரே தவிர, அது பாலில் செய்வது என்பதற்கு மேல் அவருக்கு ஒன்றும் தெரியாது. குரூப்பில் மேலே மேலே தள்ளிக்கொண்டே போனதில், இரண்டு வருடத்துக்கு முன்னால் நிர்மலா ஐஸ்வர்யாவுக்கு அனுப்பிய குரல் பதிவு ஒன்று அகப்பட்டது. "பவுடர சூடான பால்ல கொட்டிறாத. பச்சப் பால்ல மொதல்ல கரைச்சுக்கோ. அடுப்ப சின்னதா வெச்சி, கைய எடுக்காம கிண்டு. கட்டி தட்டுச்சுன்னா எங்கிட்ட வராத." முதல் தடவை கேட்டபோது அவரால் சமையல் குறிப்பாகக் கேட்க முடியவில்லை. நாலாவது தடவைதான் பச்சைப் பால் என்பது காதில் விழுந்தது.

வெள்ளிக்கிழமை செய்தது அடிப்பிடித்தது. சனிக்கிழமை செய்யும்போது நடுவில் ஒரு சந்தேகம் வந்து, போனை எடுத்துக் கேட்டுவிட்டு வருவதற்குள் கொழுக்கட்டை கொழுக்கட்டையாகத் திரண்டுவிட்டது. கையை எடுக்காதே என்று அவள் சொன்னதைக் கேட்பதற்காகத்தான் கையை எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒருவழியாகக் கஸ்டர்ட் என்று சொல்லும்படியாக வந்தது. இருந்த சின்னச் சின்னக் கட்டிகளை டீ வடிகட்டியில் வடித்து எடுத்தார். செந்தூரா மாம்பழமும் வாழைப்பழமும் நறுக்கிப் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தார். பிறகு வீட்டைக் கூட்டினார். நாலரைக்குப் பாயை விரித்தார். பீரோவைத் திறந்து ஒயர் கட்டுகளை இழுத்துப் போட்டார். ஒரு நிமிடம் அந்தப் பாய் நிஜமாகவே ஞாயிற்றுக்கிழமைப் பாய்போல் இருந்தது.

ஐந்து மணிக்கு மூன்று பேரும் ஒன்றாக வந்தார்கள். கேட்டிலேயே பேச்சை நிறுத்திவிட்டு வந்தது தெரிந்தது. உள்ளே வந்ததும் சுவரில் மாட்டியிருந்த நிர்மலாவின் போட்டோவைப் பார்த்து நின்றார்கள். சகாயமேரி கண்ணை மூடி முணுமுணுத்தாள். ஐஸ்வர்யா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பாய் ஓரத்தில் உட்கார்ந்தார்கள். தீர்த்தகிரி எதிரே நாற்காலியில் உட்கார்ந்தார். வீட்டுக்காரர் என்று ஒருவர் இருந்து வரவேற்கவேண்டாமா? பன்னிரண்டு வருடத்தில் முதல்முறையாக ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கு அவர் அந்த அறையில் இருந்தார்.

"கனிமொழி நல்லா இருக்குதுங்களாண்ணா?" என்றாள் சகாயமேரி.

"நல்லா இருக்குதும்மா."

"சாப்பாடெல்லாம்?"

"ஆவுது."

மின்விசிறி சுற்றியது. துக்கம் கேட்க வந்தவர்கள் உட்காரும் மாதிரியே உட்கார்ந்திருந்தார்கள். அவர் எழுந்து போய் நாலு கிண்ணத்தில் கஸ்டர்டை எடுத்துவந்து வைத்தார். ஐந்து மாதத்தில் அந்தக் கிண்ணங்கள் வெளியே வந்தது இன்றைக்குத்தான்.

"வருசம் திரும்பாத வூட்டுல இனிப்பாப்பா?" என்றாள் காசியம்மாள்.

"எண்ணெச் சட்டி தானுங்க்கா வெக்கக்கூடாதும்பாங்க. இது பாலு" என்றார். இதை அவர் இரண்டு நாளாக யோசித்து வைத்திருந்தார். காசியம்மாள் அவரை ஒரு பார்வை பார்த்தாளே தவிர, கிண்ணத்தை எடுக்கவில்லை.

சகாயமேரிதான் தொண்டையைச் செருமினாள். "அண்ணா, ஒண்ணு சொல்லணுங்க. தப்பா எடுத்துக்காதீங்க."

"சொல்லும்மா."

"ஞாயித்துக்கெழமல நாங்க இப்ப எங்க வூட்டுல ஒக்கார்றோங்க. மாசி கடைசியிலிருந்து. ஒடனே ஆரம்பிக்கலீங்க. ஆனா ஆளாளுக்கு வூட்டுல தனியா ஒக்காந்து அழுதுகிட்டு இருந்தோம். அதுக்கு ஒண்ணா ஒக்காந்தாத் தேவலைன்னு."

"குரூப்புல ஒண்ணும் காணமே?" என்றார் அவர். கேட்டபிறகுதான் அதைத் தினமும் பார்த்துக்கொண்டிருப்பதை ஒப்புக்கொண்டதாகிவிட்டது என்று தெரிந்தது.

சகாயமேரி தரையைப் பார்த்தாள். ஐஸ்வர்யாதான் பதில் சொன்னாள். "வேற குரூப்பு ஒண்ணு போட்டுட்டோங்க அங்கிள். அந்தக் குரூப்பத் தொறந்தாவே அக்கா போட்டோ வருது. எனக்கு முடியலீங்க."

"எங்க ஒயரெல்லாம் இங்கதான் கெடக்குது" என்றாள் காசியம்மாள், வெட்டிவிடுகிற மாதிரி. "ஒரு நாளு வந்து எடுத்துட்டுப் போலாம்னு இருந்தோம். உன்னைய எப்புடிக் கேக்கறதுன்னு தெரியல. நீயா கூப்புட்ட. அதான் வந்தோம். மனசுல வெச்சுக்கிட்டு வெளிய வேற பேசறது எனக்குத் தெரியாதுப்பா."

ஐந்து மாதமாக அந்தக் குரூப்பின் மௌனத்தை அவர் தனக்குத் துணையாக நினைத்துக்கொண்டிருந்தார். தன்னைப்போலவே மூன்று பேர் ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்துவிட்டுத் தவிக்கிறார்கள் என்று. அவர்கள் ஞாயிற்றுக்கிழமையை எடுத்துக்கொண்டு வேறு தெருவுக்குப் போய்விட்டார்கள்.

"எடுத்துக்கங்க, எடுத்துக்கங்க" என்றார். "அதுல அவ பாதி பின்னுனது ஒண்ணு இருக்கு பாருங்க. அதையும் எடுத்துக்கங்க. எனக்கெதுக்கு."

கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து இருபது. நாற்காலியிலிருந்து எழுந்து சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டார்.

"எங்கண்ணா?" என்றாள் சகாயமேரி.

"ஸ்டேசனுக்கு. அஞ்சு மணிக்கு மேல நான் இங்க இருக்கறது இல்லியே" என்று சொல்லிவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டார்.

பிளாட்பாரத்தின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தபோது அவருக்கு முதலில் கோபம்தான் வந்தது. பன்னிரண்டு வருடம் அவள் கையால் தின்றவர்கள், ஒரு மாதம் பொறுத்துவிட்டு வேறு வீட்டில் பாயை விரித்துவிட்டார்களா? சேலம் பக்கம் போகிற வண்டி ஒன்று நிற்காமல் போயிற்று. அது போய்ச் சத்தம் அடங்கியதும் கோபமும் அடங்கிவிட்டது. யார்மேல் கோபம்? அவர்கள் தங்களுடையதைத்தான் எடுத்துக்கொண்டு போனார்கள். அந்தச் சிரிப்பு என்றைக்காவது அவருடையதாக இருந்ததா? அவர் தெருமுனையில் நின்று கேட்டவர்தான். அதற்குள் என்ன பேச்சு இருந்தது, நிர்மலா அங்கே யாராக இருந்தாள், அவருக்கு ஒன்றும் தெரியாது. அவர் அறியாத ஒரு நிர்மலா வாரத்துக்கு இரண்டரை மணி நேரம் இருந்திருக்கிறாள். அவளையும் சேர்த்து இப்போது அந்த மூன்று பேர் தூக்கிக்கொண்டு போகப்போகிறார்கள். பொறாமையாக இருந்தது. அறுபத்தோரு வயதில் பொறாமைப்படுவது வெட்கமாகவும் இருந்தது.

இந்த பெஞ்சில்தான் தை மாதத்து அந்த ஞாயிற்றுக்கிழமையும் உட்கார்ந்திருந்தார். அவள் போவதற்கு முந்தின நாள். பழைய ஃபோர்மேன் மாயவன் வண்டியிலிருந்து இறங்கி வர, பென்ஷன், சர்க்கரை வியாதி, மகன் கல்யாணம் என்று பேச்சு நீண்டு, வீடு வந்து சேர எட்டேகால் ஆகிவிட்டது. கூப்பிட்டுச் சொல்லத் தோன்றவில்லை. பெண்கள் எல்லோரும் போயிருந்தார்கள். நிர்மலா பாயைச் சுருட்டாமல் உட்கார்ந்திருந்தாள். ஏன் லேட் என்று கேட்கவில்லை. கஸ்டர்ட் கிண்ணத்தை எடுத்துவந்து வைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாள். அவள் கவனிக்கவில்லை என்றுதான் அவர் நினைத்தார்.

ஏழு மணிக்கு மேல் எழுந்து நடந்தார். போயிருப்பார்கள், ஒயரை எடுக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று நினைத்துக்கொண்டேதான் தெருமுனையைத் திரும்பினார்.

சத்தம் கேட்டது.

அவர் வீட்டிலிருந்துதான். காசியம்மாள் உரக்கப் பேச, மற்ற இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர் நடையைத் தளர்த்தினார். கேட் வரை வந்து, கொக்கியில் வைத்த கையை எடுத்துவிட்டார். திறந்தால் கிறீச்சென்று கத்தும். கத்தினால் உள்ளே நின்றுவிடும். சொந்த வீட்டு வாசலில் திருடனைப்போல் நின்று கேட்டார்.

"மேல போனவ மெசேஜ் போட்டுக் கூப்புடறாளேன்னு பயந்துகிட்டு வந்தா, இந்தக் கஸ்டர்டயா குடுப்பா அவ?" என்றாள் காசியம்மாள். "சக்கரய டப்பாவோட கவுத்துட்டாம்பா."

"கட்டி இல்லீங்க்கா, பரவால்ல" என்றாள் ஐஸ்வர்யா. "நான் மொதல்ல செஞ்சத அக்கா நாய்க்குக்கூட வெக்க மாட்டேன்னாங்க."

மறுபடி சிரிப்பு. தீர்த்தகிரிக்கும் இருட்டில் சிரிப்பு வந்தது. சாப்பிட்டிருக்கிறார்கள்.

"இந்தாடி, இதப் பாரு" என்று காசியம்மாள் குரல் கொஞ்சம் இறங்கியது. "நிர்மலா கூடையப் பாரு. மூணு வரிச கல்லு மாதிரி இருக்குது. நாலாவது வரிச தொளதொளன்னு கெடக்குது. அப்பறம் மூணு வரிச செரியா இருக்குது. மறுக்கா ஒண்ணு தொளதொள."

"அது ஏழே கால் மணி வரிசைங்க்கா" என்றாள் சகாயமேரி. "ஏழே கால் ஆனா அவங்களுக்குக் கையி முடிச்சுல இருக்காது. காது வாசல்ல போயிரும். கேட்டு சத்தம் கேக்கற வரைக்கும் சும்மா பேருக்குப் பின்னுவாங்க."

"எத்தன தடவ திட்டியிருக்கேன். அவன் என்னா கொழந்தையா, தொலஞ்சா போயிருவான், முடிச்ச இழுத்துப் போடுடின்னு. செரிங்க்கா செரிங்க்காம்பா. அடுத்த வாரமும் அதே கத. தனியா ஒக்காந்து பின்னவும் மாட்டா. தனியா பின்னுனா அது வேலையாம், சேந்து பின்னுனாத்தான் கூடையாம்."

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது, யார் என்று தெரியவில்லை. குடிகாரக் கூடை என்று எத்தனை வருடம் கேலி செய்திருக்கிறார். அவள் ஒருநாளாவது காரணத்தைச் சொன்னாளா? அவர் வாசலுக்கு வெளியே அவள் சத்தத்துக்காகக் காது கொடுத்த நேரத்தில், அவள் உள்ளே இவர் சத்தத்துக்காகக் காது கொடுத்திருக்கிறாள். இதை ஊரார் சொல்லி, அதுவும் ஒளிந்து நின்று, இன்றைக்குத் தெரிந்துகொள்ளவேண்டியிருக்கிறது. அவருக்குக் கண் நிறைந்து வழிந்தது. துடைத்துக்கொண்டு, ஏழரை ஆகட்டும் என்று இன்னும் ஐந்து நிமிடம் நின்றுவிட்டுக் கேட்டைத் திறந்தார்.

கேட் கத்தியது. உள்ளே பேச்சு நின்றது.

அவர்கள் எழுந்துகொண்டார்கள். பாய் சுருட்டியிருந்தது. ஒயர் கட்டுகள் எல்லாம் இரண்டு கட்டைப்பைகளில் ஏறியிருந்தன. கிண்ணங்களைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள். காசியம்மாள் கையில் அந்த நீல வெள்ளைக் கூடை இருந்தது.

"இதுல அங்கங்க முடிச்சு தளந்து கெடக்குதுப்பா. டீச்சர் வூட்டுல வெச்சிப் பிரிச்சு, செரியா பின்னி, கைப்புடி போட்டு முழுசாக் கொண்டாந்து குடுத்தர்றோம்" என்றாள்.

"பிரிக்க வேண்டாங்க்கா."

"தளந்து கெடந்தா கூட நிக்காதுப்பா."

"நிக்க வேண்டாம். அது அப்பிடியே கெடக்கட்டும்" என்று கையை நீட்டினார்.

காசியம்மாள் அவர் முகத்தைப் பார்த்தாள். கேட் எப்போது கத்தியது, அவர் எப்போதிருந்து வெளியே நின்றார் என்று கணக்குப் போட்டிருக்கவேண்டும். கூடையை அவர் கையில் கொடுத்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முதல் ஆளாக வாசல்படி இறங்கினாள்.

துக்க வீட்டிலிருந்து சொல்லிக்கொண்டு போவது வழக்கமில்லை. போய்வருகிறேன் என்றால் துக்கத்துக்கு மறுபடி வருவேன் என்றாகிவிடுமாம். இந்த ஐந்து மாதத்தில் அவர் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் போனார்கள். பேசிக்கொண்டே இருந்துவிட்டு, திடீரென்று எழுந்து, முதுகைக் காட்டிக்கொண்டு. இவர்களும் அப்படியே போனார்கள். ஐஸ்வர்யா மட்டும் நிலைப்படியில் நின்று அடுப்படிப் பக்கம் திரும்பினாள். உதடு பிரிந்தது. காசியம்மாள் வெளியிலிருந்தே எட்டி அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டாள். அவர் பார்க்காததுபோல் கூடையைப் பார்த்தார். கேட் மறுபடி ஒருமுறை கத்தியது. தெருமுனை வரை கட்டைப்பை உரசும் சத்தம் கேட்டது, பிறகு அதுவும் இல்லை.

இனி அவர்கள் வரமாட்டார்கள். வந்தாலும் கனிமொழி ஊரிலிருந்து வந்திருக்கும்போது, நல்லது கெட்டதுக்கு வருவார்கள். ஞாயிற்றுக்கிழமை வரமாட்டார்கள். அதில் அவருக்குச் சந்தேகம் இல்லை.

சாப்பாட்டு மேஜையில் ஒரு கிண்ணம் இருந்தது. மேலே ஒரு தட்டு மூடியிருந்தது.

அவர் உட்கார்ந்து தட்டை எடுத்தார். ஒரு வாய் வைத்தார். காசியம்மாள் சொன்னது சரிதான், தொண்டை கரகரக்கும் இனிப்பு. அதையும் சாப்பிட்டார். சாப்பிட்டுக்கொண்டே இடது கையால் கூடையை மடியில் வைத்து, அடியிலிருந்து மேலே விரலால் தடவிக்கொண்டு வந்தார். முப்பது வருடம் இருட்டில் கம்பி முறுக்கிய விரல். இறுகின முடிச்சும் இறுகாத முடிச்சும் கண்ணால் பார்க்காமலே தெரியும். மூன்று வரிசை கெட்டியாக இருந்தது. அடுத்த வரிசை நெகிழ்ந்து கொடுத்தது. அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மறுபடி மூன்று வரிசை கெட்டி, ஒன்று தளர்ச்சி. அது அடுத்த ஞாயிற்றுக்கிழமை. இப்படி ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள் விரலுக்குக் கீழே வந்தன. ஒவ்வொன்றிலும் அவர் ஏழரைக்கு வந்து கேட்டைத் திறந்திருந்தார்.

மேலே, ஒயர்கள் பின்னப்படாமல் தொங்கும் இடத்துக்குக் கீழே, ஆறாவது ஞாயிற்றுக்கிழமை இருந்தது, அவளுடைய கடைசி ஞாயிற்றுக்கிழமை. மூன்று வரிசை கெட்டியாக வந்தது. நாலாவது தளர்ந்தது. அதோடு முடிந்துவிடும் என்று விரலை மேலே நகர்த்தினார். ஐந்தாவதும் தளர்ந்திருந்தது. ஆறாவது வரிசையில் முடிச்சே இல்லை, ஒயரை ஒயருக்குள் நுழைத்துவிட்டு இழுக்காமலே விட்டிருந்தாள். சேர்ந்து பின்னினால்தான் கூடை என்று சொன்னவள், எல்லோரும் போனபிறகு, தனியாக உட்கார்ந்து பின்னியிருக்கிறாள்.

கிண்ணத்தைக் கீழே வைத்தார். அன்றைக்கு அவர் வீட்டுக்கு வரும்போது மணி எட்டேகால்.